சமமற்ற இருவர் பேசித் தீர்க்க அமரும்போது: அதிகார வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு சமரசம் பேசும் முறை

பிணக்குகளைப் பேசித் தீர்ப்பதற்கென்று சொல்லித்தரப்படும் முறைகள் பெரும்பாலும் எதிரெதிரே அமர்பவர்கள் சமமானவர்கள் என்று வைத்துக்கொண்டே தொடங்குகின்றன. குரலை உயர்த்தாமல் பேசுங்கள், குற்றம் சாட்டாமல் உங்கள் உணர்வைச் சொல்லுங்கள், குறுக்கிடாமல் கேளுங்கள், ஆளுக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள் என்பவை நல்ல அறிவுரைகள்தாம். ஆனால் ஒருவர் நினைத்தால் மற்றவருடைய வேலையையோ பட்டத்தையோ குடியிருக்கும் வீட்டையோ ஒரு கையெழுத்தில் பறித்துவிட முடியும் என்ற நிலையில், அந்த அறிவுரைகளைப் பின்பற்றுவதற்கு இருவரும் கொடுக்க வேண்டிய விலை ஒன்றல்ல. மனத்தில் உள்ளதைத் திறந்து சொல்வதால் மேலே இருப்பவர் இழப்பது ஒரு மாலைப்பொழுதின் நிம்மதி. கீழே இருப்பவர் இழப்பது அடுத்த ஆண்டின் பிழைப்பாக இருக்கலாம்.

இந்த வழிகாட்டி முதன்மையாக நடுவில் அமர்ந்து சமரசம் பேசும் மத்தியஸ்தர்களுக்கும், அலுவலகத்திலோ குடும்பத்திலோ அமைப்பிலோ அந்தப் பொறுப்பு தானாகவே வந்து சேர்ந்தவர்களுக்கும் எழுதப்படுகிறது. பிணக்கின் ஒரு தரப்பாக இருப்பவர்களுக்கும் பின்னால் தனிப் பகுதிகள் உண்டு. நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். வலிமையில் சமமற்ற இருவரை ஒரே விதிகளின்கீழ் அமர்த்திவிட்டு ஒதுங்கி நிற்பது நடுநிலை ஆகாது. அது வலுத்தவர் பக்கம் சாய்ந்த ஏற்பாடு. எனவே பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே பேசும் முறையைத் திருத்தி அமைக்க வேண்டும்.

அதிகாரம் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

அதிகாரம் என்றதும் பதவியைத்தான் நினைக்கிறோம். சமூக உளவியலாளர்களான ஜான் ஃபிரெஞ்ச்சும் பெர்ட்ரம் ரேவனும் 1959இல் அதிகாரத்தின் ஊற்றுகளை ஐந்தாகப் பிரித்தார்கள்: பரிசளிக்கும் ஆற்றல், தண்டிக்கும் ஆற்றல், பதவி தரும் உரிமை, துறை அறிவு, பிறர் தம்மை விரும்பிப் பின்பற்றும் ஈர்ப்பு. தகவலைக் கையில் வைத்திருப்பது என்ற ஆறாவது ஊற்றை ரேவன் பின்னர் சேர்த்தார். இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் எந்தத் தரப்புக்கு என்ன இருக்கிறது என்று குறித்துப் பாருங்கள். ஒரு பேராசிரியருக்கும் அவரிடம் ஆய்வு செய்யும் மாணவருக்கும் இடையே, வெளியாகவிருக்கும் கட்டுரையில் யாருடைய பெயர் முதலில் வருவது என்ற பிணக்கு எழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதவி பேராசிரியருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாணவர் அடுத்துச் செல்லும் இடமெல்லாம் கேட்கப்போகும் பரிந்துரைக் கடிதத்தை எழுதுபவர் அவரே, பெயர் வரிசைக்கு அந்தத் துறையில் என்ன வழக்கம் என்று அறிந்தவர் அவரே, புகாரை விசாரிக்கும் குழுவில் அமர்பவர்களோடு பல்லாண்டுப் பழக்கம் உள்ளவரும் அவரே. தாளில் எழுதிப் பார்க்கும்போதுதான் இவை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பது கண்ணுக்குத் தெரியும்.

பதவியோடு ஒட்டாத சலுகைகளையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். பால், சாதி, நிறம், மதம், மொழி, உடல்நலம், படிப்பு, குடியுரிமை ஆகியவற்றால் ஒருவருக்குக் கேட்காமலே கிடைத்துவிடும் வசதிகள், அவற்றை அனுபவிப்பவருக்கு எளிதில் புலப்படுவதில்லை. அவை இல்லாதவருக்கோ அன்றாடம் புலப்படுகின்றன. அமெரிக்கக் கல்வியாளர் பெக்கி மெக்கின்டாஷ் 1988இல், தான் வெள்ளையர் என்பதால் உழைக்காமல் தனக்குக் கிடைக்கும் அன்றாட வசதிகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு எழுதியபோது செய்தது இந்தக் கண்டறிதலைத்தான். அதற்கு அடுத்த ஆண்டு சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா, கறுப்பினப் பெண் தொழிலாளர்கள் தொடுத்த வழக்குகளை ஆராய்ந்து, நீதிமன்றங்கள் இனப் பாகுபாட்டையும் பாலினப் பாகுபாட்டையும் தனித்தனியே நோக்கியதால் இரண்டும் சேர்ந்து விழுந்த இடத்தில் நின்றவர்களின் குறை எந்தக் கணக்கிலும் வராமல் போனதைக் காட்டினார். மத்தியஸ்தருக்கு இதிலிருந்து நேரடியான பாடம் உண்டு. எதிரே இருப்பவருக்கு எந்த ஒரு அடையாளத்தால் இந்தச் சிக்கல் வந்தது என்று கேட்டு ஒரு பெட்டியில் அடைக்க முயலாதீர்கள். அவர் சொல்வதை முழுவதுமாகக் கேளுங்கள்.

இந்த ஆய்வை முடிப்பதற்கு ஒரு கேள்வி போதும்: பேச்சு முறிந்துபோனால் நாளைக் காலையில் யாருக்கு என்ன ஆகும்? பேச்சுவார்த்தை முறைகளை ஆராய்ந்த ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981இல் விளக்கியதுபோல, உடன்பாடு ஏற்படாவிட்டால் தனக்கு மிஞ்சும் சிறந்த மாற்றுவழி எது என்பதே பேச்சில் ஒருவருடைய வலிமையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. முறிந்தாலும் ஒன்றும் ஆகாது என்று ஒருவர் எழுந்து போக முடிந்து, மற்றவருக்குப் போக இடமே இல்லை என்றால், மேசையில் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அந்தப் பேச்சு சமமானதாக இருக்காது.

கூட்டுச் சந்திப்புக்கு முன் தனித்தனியே சந்தியுங்கள்

இந்தப் படியை விட்டுவிட்டால் பின்னால் வரும் எதுவும் பயன்படாது என்பது என் உறுதியான கருத்து. வலிமை குறைந்தவர் தன் உண்மையான அச்சத்தை, அச்சம் தருபவர் முன்னிலையில் சொல்ல மாட்டார். அவரைத் தனியே சந்தித்து, மற்றவர் இருக்கும்போது எதையெல்லாம் சொல்ல முடியாது என்று நினைக்கிறீர்கள், இந்தச் சந்திப்புக்கு வரச் சம்மதித்தது உங்கள் விருப்பத்தாலா, மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும், பேச்சு முடிந்து வெளியே போன பிறகு எதற்கு அஞ்சுகிறீர்கள் என்று கேளுங்கள். பதிலுக்கு அவசரப்படுத்தாதீர்கள். யாரையாவது துணைக்கு அழைத்து வர விரும்புகிறாரா என்றும், எந்த மொழியில் பேசுவது அவருக்கு எளிது என்றும் கேட்டு அறியுங்கள். அறையும் நேரமும் கூட அதிகாரத்தைச் சுமந்து நிற்பவை. மேலாளரின் அறையில், அவருடைய மேசைக்கு எதிரே, அவருக்கு வசதியான நேரத்தில் நடக்கும் பேச்சில் முடிவின் பாதி அப்போதே எழுதப்பட்டுவிடுகிறது.

தனிச் சந்திப்பின் இன்னொரு நோக்கம், இந்தப் பிணக்கைச் சமரசத்துக்குக் கொண்டுவரலாமா என்று தீர்மானிப்பது. வன்முறையோ மிரட்டலோ தொடர் கட்டுப்பாடோ இருக்கும் உறவில் இருவரையும் ஒரு மேசையில் அமர்த்துவது பாதிக்கப்பட்டவரை மேலும் ஆபத்துக்குள் தள்ளும். சட்ட அறிஞர் ட்ரினா கிரிலோ, மணமுறிவு வழக்குகளில் கட்டாயச் சமரசம் பெண்களுக்கு இழைக்கும் தீங்கை 1991இல் விரிவாக எழுதினார். பெண்களுக்கு எதிரான வன்முறையையும் குடும்ப வன்முறையையும் தடுப்பதற்காக ஐரோப்பியக் குழுமம் 2011இல் கொண்டுவந்த இஸ்தான்புல் உடன்படிக்கை, அத்தகைய வன்முறை தொடர்பான விவகாரங்களில் சமரசத்தைக் கட்டாயமாக்குவதை அதன் 48ஆம் பிரிவில் தடைசெய்கிறது. எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை மத்தியஸ்தருக்கு இருப்பது இயல்பு. ஆனால் சில வேளைகளில், இது விசாரணைக்கும் சட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் உரிய விவகாரம், பேச்சுக்கு உரியது அன்று என்று சொல்லி விலகி, தகுந்த இடத்துக்கு வழிகாட்டுவதே அவருடைய கடமை.

பேச்சு நடக்கலாம் என்று தெரிந்தால், வலிமை உள்ளவரைத் தனியே சந்திக்கும்போது ஒரு வாக்குறுதியைக் கேட்டு வாங்குங்கள். மேசையில் சொல்லப்படும் எதையும் வைத்துப் பணி மதிப்பீட்டிலோ வேலைப் பங்கீட்டிலோ வேறு வழிகளிலோ பழிவாங்கமாட்டேன் என்பதை அவர் எழுத்தில் தர வேண்டும். அப்படி எழுதித் தரத் தயங்குபவரோடு கூட்டுச் சந்திப்பை நடத்தாதீர்கள்.

யார் முதலில் பேசுவது

முதலில் சொல்லப்படும் கதை, அடுத்து வரும் கதைக்கு எல்லை வகுத்துவிடுகிறது. சாரா காப், ஜேனட் ரிஃப்கின் ஆகிய இருவரும் 1991இல் சமரச அமர்வுகளை ஆராய்ந்தபோது கண்டது இதுதான்: இரண்டாவதாகப் பேசுபவர் தன் கதையைச் சொல்வதற்குப் பதிலாக முதல் கதைக்கு மறுப்புச் சொல்பவராகச் சுருங்கிப் போகிறார், அமர்வு முழுவதும் முதல் கதையின் சட்டகத்துக்குள்ளேயே நகர்கிறது. ஆகவே வழக்கமாகப் பேச்சைத் தொடங்கிவைக்கும் உரிமை உடையவரை அன்று இரண்டாவதாகப் பேசச் சொல்லுங்கள். ஆனால் இதையும் வலிமை குறைந்தவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். முதலில் பேசுவது தன்னைக் குற்றம் சாட்டுபவராகக் காட்டிவிடும் என்று அவர் அஞ்சினால், இருவரும் தம் தரப்பை எழுதித் தந்து, அவற்றை நீங்களே ஒரே குரலில் படித்துக் காட்டலாம்.

கேட்பதிலும் சமச்சீரான விதி பொருந்தாது. எமில் புருனோவும் ரெபெக்கா சாக்ஸும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், பாலஸ்தீனியருக்கும் இஸ்ரேலியருக்கும் இடையிலும், மெக்சிகோவிலிருந்து குடியேறியவர்களுக்கும் வெள்ளை அமெரிக்கர்களுக்கும் இடையிலும் உரையாடல்களை அமைத்துப் பார்த்தார்கள். வலிமை உள்ள தரப்பினரின் மனப்போக்கு, மற்றவர் சொல்வதைக் கேட்டு அவர் நிலையிலிருந்து எண்ணிப் பார்த்தபோது மேம்பட்டது. வலிமை குறைந்த தரப்பினருக்கோ, தாங்கள் சொல்வதை மற்றவர் உண்மையாகவே கேட்டார் என்று உணர்ந்தபோதுதான் மாற்றம் நிகழ்ந்தது. அப்படியானால், இரு தரப்பும் மற்றவர் நிலையிலிருந்து சிந்தியுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்வது போதாது. மேலே இருப்பவரின் மனநிலை கீழே இருப்பவருக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரியும். அதை நாள்தோறும் கணித்துத்தான் அவர் பிழைக்கிறார். கேட்கும் வேலையைப் பெரும்பகுதி மேலே இருப்பவரிடம் கொடுங்கள். மாணவர் பேசி முடித்ததும், பேராசிரியர் பதில் சொல்வதற்கு முன், தான் கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆம், நான் சொன்னது அதுதான் என்று மாணவர் ஒப்பிய பிறகே பதில் தொடங்க வேண்டும்.

மேசையில் புழங்கும் சொற்கள்

விளிக்கும் முறையிலிருந்தே தொடங்குங்கள். ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960இல் ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைச் சொற்களை ஆராய்ந்து, ஒருவர் ஒருமையிலும் மற்றவர் மரியாதைப் பன்மையிலும் பேசிக்கொள்வது அதிகாரத்தின் அடையாளம் என்று காட்டினார்கள். ஒருவர் ‘நீ’ என்றும் மற்றவர் ‘நீங்கள்’ என்றும் பேசிக்கொண்டிருக்கும் வரை, ஒவ்வொரு வாக்கியமும் யார் மேல் யார் கீழ் என்பதை மறுபடி மறுபடி உறுதிசெய்துகொண்டே இருக்கும். இந்த அமர்வில் இருவரும் ஒருவரையொருவர் ‘நீங்கள்’ என்றே அழைப்பது என்று தனிச் சந்திப்பிலேயே ஒப்புதல் பெற்றுவிடுங்கள்.

அடுத்து உங்கள் சொற்களைக் கவனியுங்கள். இரண்டு கை தட்டினால்தான் ஓசை என்று சமரசம் பேசுபவர்கள் சொல்வது வழக்கம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் அந்தச் சொல், தட்டியது யார், அடி வாங்கியது யார் என்ற கேள்வியைக் கேட்கவிடாமல் செய்கிறது. அமர்வில் பேசப்பட்டதைத் தொகுத்துச் சொல்லும்போது மத்தியஸ்தர் தன்னையறியாமல் இதே தவறைச் செய்ய நேர்கிறது. ஓர் ஊழியர், ‘நான் தயாரித்த அறிக்கையை என் பெயர் இல்லாமல் மேலாளர் சமர்ப்பித்தார்; கேட்டபோது எல்லோர் முன்னிலையிலும் என்னைத் திட்டினார்’ என்கிறார். ‘ஆக, அறிக்கை தொடர்பாக உங்கள் இருவருக்கும் இடையே ஒரு தவறான புரிதல் ஏற்பட்டு, வார்த்தைகள் தடித்துவிட்டன’ என்று மத்தியஸ்தர் தொகுக்கிறார். இந்த ஒரு வாக்கியத்தில் செய்தவர் மறைந்துவிட்டார், செயல் மறைந்துவிட்டது, திட்டு வாங்கியவரும் சேர்ந்து திட்டியதுபோல் ஆகிவிட்டது. ‘உங்கள் பெயர் இல்லாமல் அறிக்கை போனதாகவும், அதைக் கேட்டதற்கு மேலாளர் பலர் முன்னிலையில் உங்களைத் திட்டியதாகவும் சொல்கிறீர்கள். மேலாளர் அதைப் பற்றி இப்போது பேசுவார்’ என்று சொல்லியிருந்தால், எந்தப் பக்கமும் சாயாமலே செயலும் செய்தவரும் தெளிவாக மேசையில் இருந்திருப்பார்கள்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்ற பழமொழி சொல்வதை, மெய்யியலாளர் மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் ஒரு கோட்பாடாகவே விளக்கினார். பேசுபவர் இன்னார் என்ற முன்முடிவால் கேட்பவர் அவர் சொல்லுக்கு உரிய நம்பகத்தன்மையைத் தர மறுப்பது, அறியும் உயிர் என்ற தகுதியையே அவருக்கு மறுக்கும் அநீதி என்றார் அவர். மேசையில் இது மிகச் சாதாரணமாக நிகழ்கிறது: மேலாளர் சொன்னால் தகவல், ஊழியர் சொன்னால் குற்றச்சாட்டு, ஒருவரிடம் ஆதாரம் கேட்கப்படுகிறது, மற்றவரிடம் விளக்கம் கேட்கப்படுகிறது. அமர்வின்போது நீங்கள் எடுக்கும் குறிப்புகளை அன்றிரவே படித்துப் பார்த்து, யாரிடம் எத்தனை முறை ‘அதற்கு என்ன சாட்சி’ என்று கேட்டீர்கள் என்று எண்ணுங்கள்.

கோபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீண்ட காலம் அடங்கிக் கிடந்தவர் முதன்முறையாகப் பேசும்போது குரல் உடைவதும் உயர்வதும் இயல்பு. அமைதியாகப் பேசினால்தான் கேட்போம் என்று அவரிடம் நிபந்தனை விதிப்பது, இழப்பதற்கு ஒன்றும் இல்லாததால் அமைதியாக இருக்க முடிந்தவருக்குப் பரிசளிப்பதாகும். வசையையும் மிரட்டலையும் இரு தரப்பிலும் தடுங்கள்; கோபத்தைத் தடுக்காதீர்கள்.

அதிகாரம் உங்கள் கையில் இருந்தால்

நல்லெண்ணம் மட்டும் உங்களைக் காப்பாற்றாது. ஆடம் கலின்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களைத் தம் நெற்றியில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தை வரையச் சொன்னார்கள். தாம் அதிகாரத்தில் இருந்த ஒரு நிகழ்வை நினைவுகூரச் செய்யப்பட்டவர்கள், எதிரே நிற்பவருக்கு இடவலம் மாறித் தெரியும்படி, தம் பக்கத்திலிருந்து வாசிக்கத்தக்கதாக அதை வரைவது மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. அதிகாரம் பிறர் பார்வையை மறைக்கிறது. அது கெட்டவர்களுக்கு மட்டும் நேர்வது அன்று. ஆகவே உங்களுக்குத் தெரியாதது ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே அமருங்கள்.

குற்றச்சாட்டைக் கேட்டதும், நான் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்று சொல்லத் தோன்றும். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் எண்ணம் என்ன என்பதை விளக்கும் முன், உங்கள் செயலால் என்ன விளைந்தது என்பதை முழுதாகக் கேட்டு ஒப்புக்கொள்ளுங்கள். உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரெய்ட் 1997இல் சுட்டிக்காட்டிய ஒரு வரிசை உண்டு: தவறு சுட்டப்பட்டவர் முதலில் மறுக்கிறார், பிறகு சுட்டியவரைத் தாக்குகிறார், இறுதியில் தானே பாதிக்கப்பட்டவர் என்று நிலைமையைத் திருப்பிவிடுகிறார். ‘இத்தனை ஆண்டு உனக்காக எவ்வளவு செய்தேன், என்னைப் போய் இப்படிச் சொல்லிவிட்டாயே’ என்ற வாக்கியம் உங்கள் வாயில் உருவாகத் தொடங்கினால், அங்கேயே நிறுத்துங்கள். மன்னிப்பைக் கேளுங்கள், மன்னித்துவிட்டேன் என்ற பதிலை அதே அமர்வில் எதிர்பார்க்காதீர்கள். நிகழ்ந்ததை உங்களுக்குப் புரியவைக்கும் வேலையையும் பாதிக்கப்பட்டவர் மேல் சுமத்தாதீர்கள்.

அதிகாரம் உங்களிடம் குறைவாக இருந்தால்

சுமை உங்கள் மேல் விழக் கூடாது என்றாலும், அது விழத்தான் செய்கிறது. எனவே சில ஏற்பாடுகளைச் சொல்கிறேன். நடந்தவற்றைத் தேதியோடு எழுதி, அலுவலகக் கணினியில் அல்லாமல் உங்கள் சொந்த இடத்தில் வையுங்கள். தனியே போகாதீர்கள், சங்கமோ சக ஊழியரோ நண்பரோ ஒருவர் உடன் இருக்கட்டும். எது கிடைத்தால் ஒப்புக்கொள்வீர்கள், எது கிடைக்காவிட்டால் எழுந்துவிடுவீர்கள் என்பதை முந்தைய நாளே எழுதிவிடுங்கள். அமர்வின் நடுவே இடைவேளை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மேசையில் வைக்கப்பட்ட தாளில் அன்றே கையெழுத்திட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

நம் இருவருக்கும் பொதுவானவற்றைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்த்தரப்பு அன்போடு அழைக்கும்போது சற்று நிதானியுங்கள். தமர் சாகுயும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் காட்டியது கவனிக்கத்தக்கது. பொதுவானவற்றை மட்டும் பேசிய சந்திப்புகளுக்குப் பின், வசதி குறைந்த குழுவினர் இனி நியாயம் கிடைக்கும் என்று நம்பத் தொடங்கினார்கள். ஆனால் பங்கிட்டுத் தரும் பொறுப்பில் இருந்த குழு அந்த நம்பிக்கைக்கு ஏற்ப நடந்துகொள்ளவில்லை. இனிய பேச்சைப் பெற்றுக்கொள்ளுங்கள். கோரிக்கையை அதற்கு மாற்றாக விட்டுக்கொடுக்காதீர்கள். பேச்சுவார்த்தைக்கான காலம் இன்னும் வரவில்லை என்ற நிலையும் உண்டு. சமாதான ஆய்வாளர் ஆடம் கர்ல் 1971இல் விளக்கியபடி, வலிமை பெரிதும் ஏற்றத்தாழ்வாக இருக்கும் பிணக்கில் முதலில் விழிப்பும், பிறகு வெளிப்படையான எதிர்ப்பும் வந்து, வலிமை ஓரளவு சமப்பட்ட பிறகே பேச்சுவார்த்தை பலன் தரும். ஒத்த குறை உள்ளவர்களைக் கண்டுபிடித்துச் சேர்ந்து முறையிடுவது சமரசத்தைக் கெடுப்பதாகாது. பல வேளைகளில் சமரசத்தைச் சாத்தியமாக்குவதே அதுதான்.

உடன்பாட்டை எழுதும்போது

இனி ஒருவரையொருவர் மதித்து நடந்துகொள்வோம் என்று எழுதப்படும் உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது. யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வார், செய்யாவிட்டால் அடுத்து என்ன என்பதை எழுதுங்கள். மேலாளர் பத்து நாட்களுக்குள் திருத்திய அறிக்கையை ஊழியரின் பெயரோடு மறுபடி அனுப்புவார், அதன் நகல் இருவருக்கும் வரும் என்பதுபோல் இருக்கட்டும். எழுதிய பிறகு வரிவரியாகப் பார்த்து, மாற வேண்டியவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். இடம் மாறுவது, வேறு பிரிவுக்குப் போவது, பொறுமை காப்பது, வெளியே பேசாதிருப்பது ஆகிய எல்லாம் ஒரே தரப்பின் பெயரில் வந்திருந்தால், அந்த உடன்பாட்டைத் திரும்ப எழுத வேண்டும். இரகசியம் காக்கும் விதியைச் சேர்த்தால், புகார் செய்யவும் சட்ட உதவி பெறவும் மருத்துவரிடமோ நெருங்கியவரிடமோ சொல்லவும் உள்ள உரிமையை அது பறிக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

நிறைவேற்றத்தைக் கண்காணிக்கும் பொறுப்பை வலிமை குறைந்தவரிடம் விடாதீர்கள். விட்டால், ஒவ்வொரு மீறலையும் அவரே மறுபடி புகாராகச் சொல்லி மறுபடி ஆபத்தை ஏற்க வேண்டியிருக்கும். இரு தரப்பின் அதிகாரத்துக்கும் உட்படாத ஒருவர் அதைச் செய்யட்டும். ஒரு மாதத்திலும், பழிவாங்கல் மெல்ல நடக்கக்கூடியது என்பதால் ஆறு மாதத்திலும், அடுத்த பணி மதிப்பீடோ ஒப்பந்தப் புதுப்பிப்போ முடிந்த பின்னரும் மறு சந்திப்பை இப்போதே நாள் குறித்து வையுங்கள். அந்தச் சந்திப்புகளையும் தனித்தனியே தொடங்கி, வலிமை குறைந்தவரிடம் முதலில் பேசி, உடன்பாட்டின் ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டி, நடந்ததா இல்லையா என்று அவர் சொல்வதைக் குறித்துக்கொண்ட பிறகு மற்றவரைச் சந்தியுங்கள்.